கல்யாணத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள்

'ஜேன் அயர்' நாவலின் பின்பகுதியில் செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்றொரு இளம் பாதிரியார் வருவார். பார்க்க அழகர், நன்றாகப் படித்தவர், கடமையில் கெட்டி. இந்தியாவுக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்பது அவர் தீர்மானம். போகிற இடத்துக்கு ஒரு மனைவி தேவை. ஜேன் உழைப்பாளி, சொன்னதைச் செய்வாள், நோய்நொடி பாராமல் பாடுபடுவாள். ஆகவே அவளையே கேட்டுவிடுகிறார். கேட்பதற்கு முன்னாலேயே அவளுக்கு இந்துஸ்தானியும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருப்பார். கூடப்பிறந்தவள் மாதிரி வருகிறேன், பெண்டாட்டியாக வரமாட்டேன் என்கிறாள் ஜேன். அவர் தனியாகக் கப்பலேறுகிறார்.

அந்த நாவல் வெளியானது 1847ஆம் வருஷம் அக்டோபரில். அப்போது எங்கள் திருநெல்வேலிச் சீமையில் செயின்ட் ஜான் ரிவர்ஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. ரேனியஸ் ஐயர் 1820லேயே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். கால்டுவெல் 1841ல் தேரிக்காட்டு ஓரம் இடையன்குடியில் வந்து உட்கார்ந்தார். ஜி.யு. போப் சாயர்புரத்தில் இருந்தார். கால்டுவெல் 1844ல் மணந்த எலிசா, நாகர்கோயில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். தமிழ் தெரிந்த பெண். ஜேன் எந்த வேலைக்கு மாட்டேன் என்றாளோ அந்த வேலையை இடையன்குடியில் ஆயுசு பூராவும் செய்தவர் அவர்தான். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், சரிகைப் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பள்ளிக்கூடங்களின் வழியில் வந்தவைதான் பிற்பாடு பாளையங்கோட்டையில் வளர்ந்த பெண்கள் படிப்பெல்லாம். அங்கேதான் நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன்.

என் ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்குப் பக்கத்தில், வயலும் குளமும் அக்ரகாரமும் உள்ள ஊர். ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் அடிக்கிறபோது எங்கள் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். கேரளத்திலிருந்து வேன் வேனாக வந்து வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் அக்ரகாரத்துக்காரி இல்லை. எங்கள் தெருவில் ஆம்பிளைகள் வயலுக்குப் போனார்கள். பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனது போக மீதிப் பொழுதெல்லாம் பீடி சுற்றினார்கள். அம்மாவும் சுற்றினாள்.

எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு. பிளஸ் டூ 1978ல்தான் வந்தது. ஆங்கிலத்தில் டீடெயில், நான்-டீடெயில் என்று இரண்டு புத்தகம். டீடெயிலில் பாட்டும் கட்டுரையும் இருக்கும். வரிக்கு வரி அர்த்தம் எழுதிக்கொள்ள வேண்டும். நான்-டீடெயில் என்பது கதை. மேக்மில்லனும் ஓரியண்ட் லாங்மனும் போட்ட சுருக்கப் பதிப்புகள். நானூறு, ஐந்நூறு பக்க நாவலை நூறு பக்கத்துக்கு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு', 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', 'ஆலிவர் ட்விஸ்ட்'. இடையில் ஒரு 'ஜேன் அயர்'. தென்காசி வட்டாரத்தில் ஒரு தலைமுறை பூராவும் இங்கிலாந்தை இந்த வழியாகத்தான் பார்த்தது. பரீட்சையில் பாத்திரப்படைப்பு, கதைச்சுருக்கம் என்று இரண்டு கேள்வி நிச்சயம். நோட்ஸ் போடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஜேன் அயரின் குணநலன்கள் ஆறு. ராச்செஸ்டரின் குணநலன்கள் ஐந்து. பிற்காலத்தில் டீச்சராகி அந்த ஆறையும் ஐந்தையும் நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதற்காக வெட்கப்படவில்லை. பிள்ளைகள் பாஸாக வேண்டுமே.

சத்தம் போட்டுப் படித்தால்தான் அம்மாவுக்கு நான் படிக்கிறேன் என்று நம்பிக்கை. மடியில் தட்டு, தட்டில் நனைத்து வெட்டின இலை, ஒரு பக்கம் தூள், நூல்கண்டு. இலையை எடுத்துத் தூளைப் போட்டுச் சுருட்டி முனை மடக்கி நூல் கட்டுகிற கை ஒரு நொடி நிற்காது. நான் ஆங்கிலத்தில் ஒரு பத்தி படித்துத் தமிழில் கதையைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஆனால் விக்டோரியா காலத்து இங்கிலாந்தை அவளைப் போல யாரும் குறுக்கு விசாரணை செய்து நான் பார்த்ததில்லை.

ஜேன் அனாதை. அத்தைகாரி வீட்டில் அடியும் ஏச்சுமாக வளர்கிறாள். "அது அத்தை இல்லட்டி, தாய்மாமன் பொண்டாட்டி" என்று அம்மா முதலில் அதைத் திருத்தினாள். சரிதான். மிஸஸ் ரீட் ஜேனுடைய அம்மாவின் அண்ணன் மனைவி. பிறகு லோவுட் என்கிற தர்மப் பள்ளிக்கூடம், அரைவயிற்றுக் கஞ்சி, சிநேகிதி ஹெலன் பர்ன்ஸ் காசநோயில் சாவு. அதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே தூளால் இருமியவர்கள் இருந்தார்கள். பிறகு தார்ன்ஃபீல்டு மாளிகை, அங்கே ராச்செஸ்டரின் வளர்ப்புப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை, அவர்மேல் காதல், கல்யாணம் நடக்கிற நேரத்தில் முதல் மனைவி பெர்த்தா மேல்மாடியில் பூட்டிக் கிடக்கிற சங்கதி வெளிப்படுவது.

"கோட்டிக்காரின்னா மச்சுல போட்டுப் பூட்டிருவானா? அவளுக்கு அண்ணன் தம்பி கெடையாதா?"

"உண்டும்மா. அவன்தான் வந்து கல்யாணத்த நிப்பாட்டுதான்."

"அப்படிச் சொல்லு" என்று அம்மா அடுத்த இலையை எடுத்தாள்.

செயின்ட் ஜான் விஷயத்தில்தான் பெரிய வழக்கு. ஏனென்றால் கடைசியில் அவர் ஜேனின் அப்பாவுடைய தங்கை மகன் என்று தெரிகிறது. அதாவது அத்தை மகன். முறை மாப்பிள்ளை. எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு பொருத்தமும் பார்க்க வேண்டாம். தேடிவந்து கேட்ட அத்தை மகனை விட்டுவிட்டு, வீடு எரிந்து கண்ணும் போய்க் கையும் போன கிழவனிடம் திரும்பிப் போகிறாளே, இது என்ன புத்தி என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கும் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "அந்த அத்தை மவனுக்கு இவ மேல ஆச உண்டா?" இல்லை, ஊழியத்துக்கு ஆள் வேண்டுமாம் என்றேன். "வேலைக்கு ஆளு வேணும்னா சம்பளம் குடுத்து வச்சிக்கிடட்டும்." மடீராவிலிருந்த சித்தப்பா விட்டுப்போன இருபதாயிரம் பவுனை ஜேன் அத்தை மக்களோடு நாலாகப் பங்குவைத்தாள் என்றபோதுதான் அம்மாவுக்கு அவள்மேல் இருந்த மதிப்பு குறைந்தது.

இந்த நாவல்களுக்கெல்லாம் ஓர் அமைப்பு உண்டு. பையனோ பெண்ணோ அனாதையாகவோ ஏழையாகவோ தொடங்குவார்கள், பள்ளிக்கூடம், பிழைப்பு, பட்டணம், ஏமாற்றம் என்று வளர்வார்கள், யார் யோக்கியர், யார் அயோக்கியர் என்று தெரிந்துகொள்வார்கள், கடைசியில் கல்யாணம். கல்யாணம் என்பது வளர்ந்ததற்கான சான்றிதழ். வளர்ந்து முடித்தவருக்குத்தான் அது கிடைக்கும். டேவிட் காப்பர்ஃபீல்டு மட்டும் அவசரப்பட்டு டோராவைக் கட்டிக்கொள்கிறான். கணக்கு எழுதத் தெரியாத, வீடு நடத்தத் தெரியாத அந்தப் பெண் தன்னைக் குழந்தை மனைவி என்றே நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். டிக்கன்ஸ் அவளை நோயில் சாகடித்துவிட்டு, சரியான வயதில் சரியான பெண்ணாகிய ஆக்னஸைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்.

இந்த அமைப்பைத் தூக்கி வந்து தாமிரபரணிக் கரையில் வைத்தால் என்ன ஆகும்? இங்கே அக்ரகாரத்துக் குழந்தைக்கு ஏழு வயதில் கல்யாணம். பையனுக்குப் பதினைந்து. வளர்வதற்கு முன்பே சான்றிதழ் கையில் வந்துவிடுகிறது. டோரா வளர்ந்த பெண், விளையாட்டாகக் குழந்தை என்று சொல்லிக்கொண்டாள். இங்கே மனைவி நிஜமாகவே குழந்தை. நாவல் எழுத உட்கார்ந்தவர் என்ன செய்வார்?

எழுத உட்கார்ந்தவர் அ. மாதவையா. 1872ல் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பெருங்குளத்தில் பிறந்தவர். 1887ல் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 15, பெண் மீனாட்சிக்கு 11. அதற்குப் பிறகுதான் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, 1892ல் பி.ஏ., பிறகு உப்பு சுங்க இலாகாவில் உத்தியோகம். உப்பளம் உப்பளமாகச் சுற்றுகிற வேலை. அந்த வேலைக்கு நடுவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாவல் எழுதினார். அவருடைய கல்லூரி நாட்கள் எப்படிப்பட்டவை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பம்பாயில் ருக்மாபாய் வழக்கு நடந்த சமயம் அது. 11 வயதில் கட்டிவைத்த புருஷனோடு போய் வாழமாட்டேன் என்றாள் அந்தப் பெண். போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்று 1887ல் கோர்ட்டு சொன்னபோது, சிறைக்குப் போகிறேன் என்றாள். பிற்பாடு லண்டனில் வைத்தியம் படித்து டாக்டரானாள். 1889ல் 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயர், விதவையான தன் மகளுக்கு பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். 1891ல் சம்மத வயதுச் சட்டம் வந்து, பெண்ணின் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கியது. பத்திலிருந்து பன்னிரண்டுக்கு! அதற்கே தேசம் முழுவதும் கூச்சல், கூட்டம், கண்டனம். கல்லூரி விடுதியில் உட்கார்ந்து இதையெல்லாம் பத்திரிகையில் படித்த மாணவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஊரில் பெண்டாட்டி உள்ளவர்கள்.

1892ல் 'விவேக சிந்தாமணி' பத்திரிகை தொடங்கியது. அதில் 'சாவித்திரி சரித்திரம்' என்று மாதவையா ஒரு தொடர் எழுத ஆரம்பித்தார். ஒரு பிராமணப் பெண் தானே தன் கதையைச் சொல்வது போல. எழுதியவர் பெயரும் சாவித்திரி. சில அத்தியாயங்களோடு தொடர் நின்றுவிட்டது. அதே பத்திரிகையில் அடுத்த வருஷம் தொடங்கிய தொடர் பி.ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. ராஜமையரும் மாதவையாவும் ஒரே வயதுக்காரர்கள், இருவரும் கிறித்துவக் கல்லூரிக்காரர்கள். அதில் வருகிற ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ் வாத்தியார் எனக்கு ரொம்பப் பிடித்தமானவர். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அவருக்கு வாரிசுகள் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது லட்சுமி, சீனிவாசன் என்கிற சின்ன ஜோடியைப் பற்றி. அவர்களுக்கு முதலில் கல்யாணம் ஆகிறது. அதற்கப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிப் பிரியம் வைக்கிறார்கள். ஆங்கில நாவலில் கடைசி அத்தியாயத்தில் வருவது இங்கே ஆரம்பத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ராஜமையருக்கு இதில் சங்கடமே இல்லை. மாதவையாவுக்குச் சங்கடம் இருந்தது. அந்தச் சங்கடத்திலிருந்துதான் அவருடைய நல்ல எழுத்தெல்லாம் பிறந்தது என்பது என் கட்சி.

'பத்மாவதி சரித்திரம்' முதல் பாகம் 1898லும் இரண்டாம் பாகம் 1899லும் வந்தன. டேவிட் காப்பர்ஃபீல்டின் திருநெல்வேலிச் சொந்தக்காரன் என்று சொல்லும்படி அதில் நாராயணன் வருகிறான். சிறுகுளம் என்கிற கிராமத்து ஏழைப் பையன். தகப்பனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கோபாலன் என்கிற சிநேகிதன் வசதியான வீட்டுப் பிள்ளை. இருவரும் திருநெல்வேலியில் படிக்கிறார்கள், பிறகு சென்னைக்குப் போகிறார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரணப் பயணம் இல்லை. திருநெல்வேலி வரைக்கும் 1876ல் ரயில் வந்துவிட்டது. தென்காசிப் பக்கம் ரயிலே கிடையாது, இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் வந்தது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மெட்றாஸுக்குப் படிக்கப் போக வேண்டுமானால் முதலில் ராத்திரி பூராவும் மாட்டுவண்டி. இங்கிலாந்து நாவலில் கோச்சு வண்டி செய்கிற வேலையை இங்கே அது செய்தது. வீட்டுப் பையன் ஏறுவான், வேறொருவன் இறங்குவான்.

நாராயணனும் பத்மாவதியும் ஒருவர்மேல் ஒருவர் ஆசைப்பட்டவர்கள். டிக்கன்ஸாக இருந்தால் கல்யாணத்தோடு மங்களம் பாடியிருப்பார். மாதவையா அங்கே நிறுத்தவில்லை. படித்த நாராயணனுக்கு, படித்த பத்மாவதிமேல் சந்தேகம் வருகிறது. பெண் படிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிற பையன், தன் வீட்டில் படித்த பெண் இன்னொருவனோடு நாலு வார்த்தை பேசினால் என்ன ஆகிறான் என்பதை மாதவையா தயவு பார்க்காமல் எழுதியிருக்கிறார். தமிழ் நாவலில் ஓர் ஆண் அசிங்கமாக வளர்வதை, தடுக்கி விழுந்து வளர்வதை முதலில் எழுதியவர் அவர்தான் என்று நினைக்கிறேன். விமரிசகர்கள் பலர் முதல் பாகத்தின் கிராம வர்ணனைகளைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு இரண்டாம் பாகம்தான் உசத்தி. புருஷன் சந்தேகப்படுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

நின்றுபோன சாவித்திரி கதையையும் அவர் விடவில்லை. 1903ல் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் முழு நாவலாகக் கொண்டுவந்தார். குழந்தைக் கல்யாணம், மாமியார் கொடுமை, விதவைக் கோலம், கடைசியில் மறுமணம். எல்லாவற்றையும் முத்துமீனாட்சியே சொல்கிறாள். கதாநாயகி பெயரில் மனைவியின் பெயர் இருக்கிறது. வேண்டுமென்றே வைத்தாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். 'ஜேன் அயர்' முதலில் வந்தபோது அட்டையில் ஷார்லட் பிரான்டியின் பெயர் இல்லை. ஒரு சுயசரிதை, பதிப்பித்தவர் கரர் பெல் என்று போட்டிருந்தது. பெண் எழுதினாள் என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்று ஆண்பெயர் போலத் தோன்றுகிற பெயரில் அவள் ஒளிந்துகொண்டாள். இங்கே ஓர் ஆண், பெண்பெயரில் ஒளிந்துகொண்டான். ஏனென்றால் அக்ரகாரத்து விதவை என்ன நினைக்கிறாள் என்று அவளே சொன்னால்தான் படிக்கிறவர் காது திறக்கும். சொல்வதற்கு அவளுக்குத்தான் வாய் கிடையாது. அதே 1903ல் வந்த அவருடைய ஆங்கில நாவல் 'தில்லை கோவிந்தன்' இதைவிட வேடிக்கை. அதுவும் சுயசரிதைதான், செத்துப்போனவனின் சுயசரிதை. பதிப்பித்தவர் பம்பா என்று ஒருவர். கிராமத்துப் பையன் பட்டணத்தில் படித்து, பழைய நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் தவிக்கிற கதை. அது 1916ல் லண்டனிலேயே அச்சானது. பிரான்டியும் டிக்கன்ஸும் இங்கே வந்த பாதையில் பெருங்குளத்துக்காரர் ஒருவர் எதிர்த்திசையில் போனார்.

பத்மாவதிக்கு மூன்றாம் பாகம் ஒன்று உண்டு. வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு அவர் தொடங்கிய 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையில் அதை எழுதிவந்தார். 1925 அக்டோபர் 22ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பி.ஏ.வில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே இறந்துபோனார். வயது 53. மூன்றாம் பாகம் முடியவில்லை.

முடியாத கதை அது ஒன்று மட்டும் இல்லை. எங்கள் மலைக்குக் கீழேயே இன்னொன்று இருக்கிறது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில் கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1897ல் கல்யாணம், மாப்பிள்ளைக்கு 14 முடிந்து நடப்பு 15, பெண்ணுக்கு 7. தன் கல்யாணத்தைப் பற்றிய மனக்கசப்பை பாரதி சுயசரிதைக் கவிதையிலேயே எழுதியிருக்கிறார். புதுச்சேரி வாழ்வு முடிந்து, 1918 கடைசியில் சிறையிலிருந்து விடுதலையான பிறகு, 1920 வரை கடையத்தில்தான் இருந்தார்.

அவர் எழுதிய நாவல் 'சந்திரிகையின் கதை'. பொதிகை மலையடிவாரத்தில் வேளாண்குடி என்கிற கிராமம், பூகம்பம், ஒரே ராத்திரியில் குடும்பம் அழிகிறது. பிறந்த குழந்தை சந்திரிகையும் அவளுடைய அத்தை விசாலாட்சியும் மட்டும் மிச்சம். விசாலாட்சி குழந்தையிலேயே தாலியறுத்தவள். ஆங்கில நாவல் எதை எடுத்தாலும் முதலில் ஓர் அனாதைக் குழந்தை கிடைக்கும் அல்லவா? பாரதி அந்த அனாதையைப் பொதிகை அடிவாரத்தில் போட்டிருக்கிறார். ஆனால் கூட இருப்பவள் மிஸஸ் ரீட் இல்லை. சாகும்போது கோமதி, குழந்தையை நாத்தனார் விசாலாட்சி கையில் கொடுக்கிறாள், நீ மறுமணம் செய்துகொள் என்றும் சொல்கிறாள். பிறகு விசாலாட்சி குழந்தையோடு புறப்பட்டுத் தனக்கொரு புருஷனைத் தானே தேடுகிறாள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் ராஜமகேந்திரபுரத்து வீரேசலிங்கம் பந்துலுவும் நிஜப் பெயரிலேயே கதைக்குள் வருகிறார்கள். இப்படி ஒரு துணிச்சல் அன்றைக்கு வேறு யாருக்கு இருந்தது? சந்திரிகை சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கதை நின்றுவிட்டது. 1921ல் பாரதி போய்விட்டார். அவள் எப்படி வளர்ந்தாள் என்று நமக்குத் தெரியாமலே போயிற்று. செல்லம்மாள் 1941ல் பாரதியின் சரித்திரத்தைத் தன் வாயால் சொல்லி வெளியிட்டார். அதில் அவர் தன்னைப் பற்றிச் சொன்னவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து அடுக்கிப் பாருங்கள். ஏழு வயதில் மனைவியானவள் எப்படி மனுஷியானாள் என்கிற கதை அதற்குள் இருக்கிறது.

சாவித்திரி கதை பாதியில் நின்றது, பத்மாவதிக்கு மூன்றாம் பாகம் பாக்கி, சந்திரிகை வளரவே இல்லை. பத்திரிகையின் போக்கும் சாவும் காரணம்தான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு என்பது என் சந்தேகம். கல்யாணத்தில் முடிகிற கதைக்கு எங்கே நிறுத்துவது என்று ஆசிரியருக்கு முன்பே தெரியும். கல்யாணத்தில் தொடங்குகிற கதையை எங்கே நிறுத்துவது?

இதுவரை சொன்னதெல்லாம் அக்ரகாரத்துக் கதை. எங்கள் தெருக் கதை அப்படி இல்லை. உழைக்கிற சாதிகளில் பெண் பெரியவளான பிறகுதான் கல்யாணம். பிடிக்காத புருஷனை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துவிடலாம். புருஷன் செத்தால் அறுத்துக் கட்டலாம். 1856ல் வெள்ளைக்காரன் விதவை மறுமணச் சட்டம் போட்டதற்கு முன்பும் கட்டினார்கள், பின்பும் கட்டினார்கள்; சட்டம் வந்ததே தெரியாமல் கட்டினார்கள். என் அப்பாவைப் பெற்ற ஆச்சியே அப்படி இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள்தான். அதை யாரும் ஒளித்துப் பேசியதில்லை. ஆனால் நாலு காசு சேர்ந்து, பிள்ளைகள் படித்து, ஓட்டு வீடு மச்சு வீடான பிறகு என்ன நடந்தது தெரியுமா? எங்கள் சனம் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. அறுத்துக் கட்டுகிற கூட்டம் என்று ஏச்சுக் கேட்க வேண்டியிருக்கிறதாம். மாதவையா அக்ரகாரத்திலிருந்து எதை விரட்டப் பாடுபட்டாரோ, அதை எங்கள் ஆட்கள் கௌரவம் என்று விலை கொடுத்து வாங்கி வந்தார்கள். என் தலைமுறையில் இருபத்தோரு வயதில் தாலியறுத்த பெண்ணுக்கு மறுபடி பேச்செடுக்க ஒருவரும் இல்லை. ஆச்சி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

1929ல் சாரதா சட்டம் வந்து, 1930 ஏப்ரல் முதல் பெண்ணுக்குப் பதினாலு வயது என்றானது. அந்தத் தேதிக்குள் முடித்துவிட வேண்டும் என்று தேசமெங்கும் குழந்தைகளுக்கு அவசரக் கல்யாணங்கள் நடந்தன. அதற்கப்புறம் மெதுவாக அக்ரகாரத்திலும் வயது ஏறியது. பெண்கள் படித்தார்கள், டைப்ரைட்டிங் கற்றார்கள், வேலைக்குப் போனார்கள். இதை நான் ரொம்ப நீட்டவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை.

1992 ஆகஸ்ட் 15ல் மணிரத்னத்தின் 'ரோஜா' வந்தது. 'விவேக சிந்தாமணி'யில் சாவித்திரி கதை சொல்ல ஆரம்பித்து நூறு வருஷம் ஆகியிருந்தது. படத்தில் கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். அந்தப் பெயரைச் சொன்ன இடத்தில் தென்காசித் தியேட்டரில் எழுந்த விசில் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அம்மாவையும் நான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

பட்டணத்திலிருந்து ரிஷிகுமார் பெண் பார்க்க வருகிறான். பார்க்க வந்தது மூத்தவள் செண்பகத்தை. அவள் தனியாக அவனைப் பார்த்து, எனக்கு என் அத்தை மகன்மேல்தான் ஆசை, நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறாள். தேடிவந்த அத்தை மகனை ஜேன் வேண்டாம் என்றாள். குடும்பப் பகையையும் மீறி அத்தை மகன்தான் வேண்டும் என்கிறாள் செண்பகம். இரண்டும் ஒரே தைரியம்தான். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஜேனைப் புரியவைத்தேன். செண்பகத்தைக் காப்பாற்றுவதற்காக, எனக்குத் தங்கையைப் பிடித்திருக்கிறது என்று ரிஷி சபையில் சொல்லிவிடுகிறான். ரோஜாவுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணம் நடந்துவிடுகிறது. கோபத்தோடு புகுந்த வீட்டுக்குப் போகிறாள், பிறகு உண்மை தெரிகிறது, பிறகுதான் பிரியம், பிறகுதான் காஷ்மீர், தனியாக நின்று அதிகாரிகளோடு மல்லுக்கட்டி அவள் ஆளாவது எல்லாம். லட்சுமியும் சீனிவாசனும் மாதிரியேதான். முதலில் தாலி, அப்புறம் கதை. நூறு வருஷம் கழித்தும் தமிழ்க் கதைக்கு அந்த வழி அலுக்கவில்லை.

தியேட்டரில் அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. எல்லோரையும் போல வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் சபையில் ரிஷி பேசி முடித்த உடனே, பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "மூத்தவகிட்ட கேட்டாம்லா, சரி. எளையவள எவன் கேட்டான்?" என்றாள். முன்வரிசைக்காரர் திரும்பி, "படம் பாருங்க ஆச்சி" என்றார். "பாத்துக்கிட்டுத்தான கேக்கேன்" என்றாள் அம்மா.